பிளாஷ் + ஸ்லோ ஷட்டர்: வண்டி வேடிக்கைப் படத்தில் முகத்துக்குள்ளே சீரியல் பல்பு தெரிவது ஏன்?

#1 மூக்கனேரி

சேலம் குகை பகுதியில ஆடித் திருவிழாவுக்கு நடக்கற வண்டி வேடிக்கை (சாமி வேஷம் போட்டவங்க அலங்கார வண்டியில வர்ற ஊர்வலம்) படங்கள்ல ஒரே மாதிரி கோளாறு வருது. சாமி வேஷம் போட்டவர் முகம் பளிச்னு, கூர்மையா விழுது. ஆனா அதே முகத்தோட ஒரு பாதியில, காதுலேருந்து கன்னம் வரைக்கும், பின்னாடி தட்டியில இருக்கிற சீரியல் பல்பு புள்ளி புள்ளியா ஊடுருவித் தெரியுது. கிரீடத்துக்கு முன்னாடி இன்னொரு மங்கலான கிரீடம் நீளுது.

விவரம்: ஃபுல் ஃபிரேம், 24 எம்எம், அபர்ச்சர் எஃப் 5.6, ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 400, ஷட்டர் 1/8 நொடி. பிளாஷ் கேமரா மேலேயே, டிடிஎல் (பிளாஷ் அளவைக் கேமராவே முடிவு பண்றது), வெளிச்சத்தைப் பரப்பற டிப்யூசர் மூடி போட்டது. வண்டி சுமார் 4 மீட்டர் தள்ளி, இடமிருந்து வலம், நடை வேகம்.

ஷட்டர் வேகத்தை ஏத்தினா இந்தப் பேய் (ஊடுருவித் தெரியற மங்கல் உருவம்) போயிடுது, கூடவே பின்னணியும் கருப்பாயிடுது. ரியர் கர்ட்டன் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. உண்மையா?

#2 அம்மாபேட்டை_தறி

ரியர் போடுங்க ப்ரோ, வேலை முடிஞ்சுது. ஃபர்ஸ்ட் கர்ட்டன்ல பிளாஷ் முதல்லயே அடிச்சிடுது, அப்புறம் வண்டி நகர்றதெல்லாம் முகத்து மேல பதியுது. ரியர்ல பிளாஷ் கடைசியா அடிக்கும். அதுவரைக்கும் பதிஞ்ச விளக்குக் கோடுகளையெல்லாம் முகம் மூடிடும்.

#3 ஐந்துரோடு

மூடாது. இந்த "மூடிடும்" என்கிற சொல்தான் இந்த விஷயத்தில் எல்லாக் குழப்பத்துக்கும் வேர்.

சென்சார் சுவர் இல்லை, பிளாஷ் சுண்ணாம்பும் இல்லை. மேலே ஒரு கோட் அடித்தால் கீழே இருப்பது மறையாது. ஷட்டர் திறந்திருக்கும் வரை விழும் வெளிச்சம் எல்லாம் கூட்டல் கணக்கு, கழித்தலே கிடையாது. 1/8 நொடியின் தொடக்கத்தில் விழுந்த பல்பு வெளிச்சமும் கடைசியில் விழுந்த பிளாஷும் ஒரே பிக்சலில் சேர்ந்துதான் இருக்கும்.

மூக்கனேரியின் படத்தையே எடுத்துக்கொள்வோம். வண்டி வலப்பக்கம் போகிறது. ஃபர்ஸ்ட் கர்ட்டன் என்றால், பிளாஷ் அடித்த கணத்தில் முகம் ஓரிடத்தில் உறைகிறது. பிறகு முகம் வலப்பக்கம் விலக, அது காலி செய்த இடத்துக்குப் பின்னால் வரும் தட்டியின் பல்புகள் வந்து சேர்கின்றன. ஆகவே முகத்தின் இடப்பாதியில், அதாவது பின்பக்கக் காதில், பல்பு தெரியும். அவர் சொன்னது இதுதான். முன்னால் நீளும் மங்கல் கிரீடம், பிளாஷுக்குப் பிறகு வண்டி விளக்கிலேயே கிரீடம் பதிந்தது.

ரியர் என்றால், முகம் கடைசியாக வந்து நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு என்ன இருந்தது? தட்டியின் முன்பகுதி. அந்தப் பல்புகள் அங்கே ஏற்கெனவே பதிந்தாயிற்று. அதன் மேல் பிளாஷ் முகம் சேரும். இப்போது வலப்பாதியில், மூக்கிலும் கன்னத்திலும் பல்பு தெரியும். பேய் இடக்காதிலிருந்து வலக்கன்னத்துக்குக் குடி மாறியது, அவ்வளவுதான். பின்பக்கக் காதில் இருப்பதே தேவலை என்று நினைப்பவர்கூட இருக்கலாம்.

ரியர் கர்ட்டன் உதவுவது ஒன்றில்: கோடு எந்தப் பக்கம் நீள வேண்டும் என்பதில். பின்னணி கருப்பாக இருந்து, நகரும் பொருளில் விளக்கோ தீவட்டியோ இருந்தால், கோடு பின்னால் நீண்டு படம் இயல்பாக இருக்கும். ஃபர்ஸ்ட் கர்ட்டனில் வண்டி பின்னோக்கி ஓடுவது மாதிரித் தோன்றும்.

#4 அம்மாபேட்டை_தறி

சரி, ஒத்துக்கிறேன். கருப்புப் பின்னணியில பார்த்துப் பழகினதால அப்படியே சொல்லிட்டேன். அப்ப வழி என்ன?

#5 குகை_ராத்திரி

தம்பி மூக்கனேரி, முதல்ல கணக்குப் போட்டுப் பாருங்க. மனசுல ஒரு அளவு நிக்கும்.

24 எம்எம், 4 மீட்டர் தூரம். ஃபுல் ஃபிரேம்ல அந்தத் தூரத்துல 6 மீட்டர் அகலம் ஃபிரேமுக்குள்ள அடங்கும். உங்க கேமரா 24 மெகாபிக்சல்னா அகலவாட்டுல 6000 பிக்சல். அப்ப ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர். வண்டி நொடிக்கு 1 மீட்டர் போகுதுன்னு வெச்சுக்கோங்க. 1/8 நொடியில 12.5 சென்டிமீட்டர், அதாவது 125 பிக்சல். ஒரு ஆளோட முகம் எவ்வளவு அகலம்? 15 சென்டிமீட்டர் சுமாருக்கு. ஷட்டர் மூடறதுக்குள்ள முகம் கிட்டத்தட்ட ஒரு முகம் அளவுக்கு நகர்ந்து போயாச்சு. ஊடுருவித் தெரியாம என்ன செய்யும்?

1/30-ல 33 பிக்சல். 1/60-ல 17 பிக்சல். 17 பிக்சல்னா காது ஓரத்துல ஒரு இழை. போஸ்டர் சைஸ் பிரிண்ட்லதான் கண்ணுக்குப் படும்.

பின்னணி கருப்பாயிடுதேங்கிறதுக்கு ஷட்டரைத் தொங்கவிடாதீங்க. ஐஎஸ்ஓவையும் அபர்ச்சரையும் திறங்க. இப்ப இருக்கிறது எஃப் 5.6, ஐஎஸ்ஓ 400, 1/8. இதை எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 1/60 ஆக்குங்க. ஷட்டர்ல மூணு ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லன்னா பாதி) போச்சு, அபர்ச்சர்ல ஒண்ணு, ஐஎஸ்ஓல ரெண்டு வந்துருச்சு. தட்டி வெளிச்சம் அப்படியே இருக்கும், பேய் நீளம் மட்டும் எட்டுல ஒரு பங்கு.

எஃப் 4-ல டெப்த் போயிடும்னு பயப்பட வேண்டாம். 24 எம்எம்-ல 4 மீட்டர்ல ஃபோகஸ் வெச்சா 2.2 மீட்டர் தொடங்கி 20 மீட்டர் தாண்டியும் தெளிவா இருக்கும். மொத்த வண்டியும் அதுக்குள்ள அடங்கிடும்.

இன்னொரு லாபம். பிளாஷுக்கும் மூணு ஸ்டாப் மிச்சம். டிப்யூசர் மூடியோட 1/2 பவர் அடிச்சுக்கிட்டு இருந்தா இனிமே 1/16 போதும். பேட்டரி விடிய விடிய வரும், அடுத்த அடிக்கு உடனே தயாராகும். ராத்திரி வண்டி வரிசை முடியற நேரத்துக்கு இதோட அருமை தெரியும்.

#6 மூக்கனேரி

நன்றிங்கண்ணே. ஒண்ணு புரியல. ஐஎஸ்ஓ ஏத்தினா பேயும் சேர்ந்து பளிச்னு ஆகாதா?

#7 ஐந்துரோடு

சரியான கேள்வி. பேய்க்கு இரண்டு அளவு உண்டு: நீளம் ஒன்று, அடர்த்தி ஒன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் எந்தக் குமிழைத் திருகுவது என்றே தெரியாது.

நீளத்தை முடிவு செய்வது ஷட்டர் நேரமும் நகரும் வேகமும். வேறெதுவும் இல்லை.

அடர்த்தியை முடிவு செய்வது விகிதம். ஆளின் மேல் விழும் சுற்றுவெளிச்சம் பிளாஷைவிட எத்தனை ஸ்டாப் குறைவு? பின்னணி அந்த இடத்தில் எவ்வளவு பிரகாசம்? ஆள் மேல் விழும் வெளிச்சம் பிளாஷைவிட ஒரு ஸ்டாப் மட்டும் குறைவு என்றால் பேய் அப்பட்டம். இரண்டு ஸ்டாப் என்றால் தேடினால் தெரியும். மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்கு என்றால், பெரும்பாலும் தோலிலும் துணியிலும் கரைந்துவிடும். ஆனால் கருப்புப் பின்னணியில் வெள்ளை வேட்டியோ ஜரிகையோ இருந்தால் மூன்று ஸ்டாப்பும் போதாது, நாலு வேண்டும்.

மேலே சொன்ன மாற்றத்தில் சுற்றுவெளிச்சத்தின் மொத்தப் பதிவு மாறவில்லை, பிளாஷ் பதிவும் மாறவில்லை. ஆகவே அடர்த்தி அதேதான், நீளம் மட்டும் எட்டில் ஒன்று. பளிச்சென்று ஆகாது.

விகிதத்தைத் தெரிந்துகொள்ள மீட்டர் தேவையில்லை. பிளாஷை அணைத்துவிட்டு, அதே செட்டிங்கில் ஒரு படம். திரையில் பின்னணி உங்களுக்குப் பிடித்த அளவில் இருக்க வேண்டும், ஆள் இருப்பதே தெரியாத அளவுக்கு இருட்டில் நிற்க வேண்டும். முகத்தில் கண் மூக்கு அடையாளம் தெரிந்தால் பேய் வரும். பிறகுதான் பிளாஷைப் போட வேண்டும். முதல் படத்தைத் தவிர்த்துவிட்டு நேராக டிடிஎல்லில் இறங்குவதால்தான் பாதிப் பேர் காரணமே தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

#8 சில்வர்ஓக்

மண்டப ரிசப்ஷன் எடுக்கிறவங்களுக்கு இதுல ஒரு சேர்க்கை. பக்கத்துல வீடியோகிராபர் எல்இடி லைட் போட்டு நிப்பார். அந்த வெளிச்சம் நேரா ஆள் மேலதான் விழும். பின்னணிக்கு அது போகாது, ஆள் மேல இருக்கிற சுற்றுவெளிச்சத்தை மட்டும் ஏத்தி விடும். ஐந்துரோடு சொன்ன மூணு ஸ்டாப் இடைவெளி ஒரே நொடியில ஒண்ணாச் சுருங்கிடும். டான்ஸ் நடக்கும்போது 1/30-ல கை ரெண்டா நாலா தெரியறதுக்கு முக்கால்வாசி காரணம் இதுதான்.

அந்த நேரத்துல ரெண்டே வழி. ஒண்ணு, 1/125-க்கு மேல போய் வீடியோ லைட்டையே மெயினா வெச்சு, பிளாஷை அழுத்தாம லேசா நிரப்ப மட்டும் விடறது. இல்லன்னா லைட் வேற பக்கம் திரும்பற வரைக்கும் காத்திருக்கிறது. நடுவுல நின்னு 1/30-ல ரெண்டையும் சமமாக் கலக்கறதுதான் மோசம்.

இன்னொண்ணு: டான்ஸ்ல கை மட்டும் மங்கலா இருந்தா அது பேய்தானான்னு முதல்ல பாருங்க. ஸ்பீட்லைட் (கேமரா மேல மாட்டற பிளாஷ்) முழு பவர்ல வெளிச்சம் ஏறத்தாழ 1/300 நொடி நீடிக்கும். வீசற கை நொடிக்கு 5 மீட்டர் போனா அதுக்குள்ள ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல நகரும். ஓரம் மங்கல், ஆனா இரட்டை இல்ல. இதுக்கு மருந்து ஷட்டர் இல்ல, பவரைக் குறைக்கிறது. குறைஞ்ச பவர்ல அதே ஸ்பீட்லைட் 1/20000 வரைக்கும் சுருக்கமா அடிக்கும்.

#9 மஞ்சவாடி

அக்கா சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம், ஸ்பீட்லைட்டுக்குத்தான் அது. ஸ்டுடியோவுல தொங்கற பழைய மாதிரி மோனோலைட்ல பல மாடல் பவர் குறைச்சா வெளிச்சம் இன்னும் நீளமா இழுக்கும். அது மின்னழுத்தத்தைக் குறைச்சு பவரைக் குறைக்கிற வகை. ஸ்பீட்லைட் நடுவுலயே வெட்டி விடற வகை. பெட்டியோட வர்ற காகிதத்துல எந்தப் பவர்ல எத்தனை நொடின்னு போட்டிருப்பாங்க, பார்த்துக்கோங்க.

#10 சில்வர்ஓக்

ஆமா, அது சரி.

#11 குகை_ராத்திரி

வண்டி வேடிக்கைக்குத் திரும்பி வர்றேன். 1/60 பிடிக்காம, பின்னாடி தெரு விளக்கெல்லாம் கோடா ஓடணும்னு ஆசைப்பட்டா பேனிங்தான் வழி. இதுல ஒரு சௌகரியம் இருக்கு, கவனிச்சீங்களா? வேஷக்காரரும், அவர் பின்னாடி தட்டியும், தட்டியில பல்பும் ஒரே வண்டியில ஒரே வேகத்துல போறாங்க. கேமராவை வண்டியோட சேர்த்துத் திருப்பினா மூணும் ஃபிரேம்ல அசையாம நிக்கும். முகத்துக்கும் பல்புக்கும் நடுவுல நகர்வே இல்ல. அப்புறம் பல்பு எப்படி முகத்துக்குள்ள புகும்? நிக்கிற கூட்டமும் கடை விளக்கும் மட்டும் கோடாப் போகும்.

முறை இப்படி:

கால் ரெண்டும் வண்டியைப் படம் எடுக்கப் போற இடத்தைப் பார்த்து, இடுப்புக்கு மேல மட்டும் வண்டி வர்ற பக்கம் திரும்பி நில்லுங்க. கிரீடத்துல இருக்கிற ஒரு கல்லை ஃபோகஸ் புள்ளியில பிடிங்க. 1/15. லென்ஸ்ல ஸ்டெபிலைசருக்கு பேனிங் மோடு இருந்தா அது, இல்லன்னா அணைச்சிடுங்க. திருப்பிக்கிட்டே அழுத்துங்க, அழுத்தினதும் நிறுத்தாதீங்க. பிளாஷ் அடிச்சதும் கை நிக்கறதுதான் எல்லாருக்கும் வர்ற தப்பு. ஃபர்ஸ்ட் கர்ட்டன்ல இது ரொம்ப மோசமாத் தெரியும், பிளாஷ் முகம் ஒரு இடம், நின்னு போன கை விட்ட கோடு ஒரு இடம்.

இங்க ரியர் நல்லது. திருப்பு வேகம் நிலைப்பட்டதுக்கு அப்புறம் பிளாஷ் அடிக்கும்.

நடை வேகத்துல 1/15-க்கு 6, 7 சென்டிமீட்டர் நகர்வுதான், கோடு ரொம்ப நீளமா வராது. இன்னும் நீளம் வேணும்னா 1/8. பத்துக்கு ரெண்டு தேறும்.

சொல்லாம விட்டது: வண்டி நிமிஷத்துக்கு ஒரு தடவை கூட்டத்துல நின்னு நின்னுதான் வரும். நிக்கும்போது எடுத்தா இந்தக் கணக்கு எதுவுமே வேண்டாம். வேஷம் போட்டவங்க சிலை மாதிரி நிக்கிறதுலயே பேர் வாங்கறவங்க. 1/8-லயும் இமை அசையாம நிப்பாங்க.

#12 மூக்கனேரி

பேனிங் பண்ண ரெண்டு மூணு படத்தைத் திரும்பப் பார்த்தேன். நிக்கிற கடைகள்ல தொங்கற சீரியல் பல்பு கோடா வரல, விட்டு விட்டு மணி கோத்த மாதிரி வருது. கேமரா கோளாறா?

#13 மஞ்சவாடி

கேமரா நல்லாத்தான் இருக்கு. பல்பு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான். நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரண்டு பக்க அலையிலயும் எரியற விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கும். மலிவு சீரியல் செட்ல பாதி அலையில மட்டும் எரியறது நிறைய. அது 50 தடவை.

படத்துல மணியை எண்ணிப் பாருங்க. 1/8 நொடின்னா 12 மணி வந்தா 100, 6 மணி வந்தா 50. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்துச்சுன்னு பல்பே சொல்லிடும்.

கோடு தொடர்ச்சியா வேணும்னா பேட்டரியில ஓடற விளக்கு, பழைய குண்டு பல்பு, வண்டி ஹெட்லைட் இதெல்லாம் பின்னணியில வர்ற இடமாப் பாருங்க. குண்டு பல்பும் துடிக்கும், ஆனா இழை சூடு ஆறறதுக்குள்ள அடுத்த துடிப்பு வந்துரும், அதனால மணி மணியா உடையாது. எனக்கு மணிதான் பிடிக்கும். அது வேற விஷயம்.

#14 அம்மாபேட்டை_தறி

ரியர்ல ஒரு வில்லங்கம் இருக்கு, இங்க யாரும் சொல்லல. டிடிஎல் + ரியர் + 1/2 நொடி மாதிரி போட்டா, பட்டனை அழுத்தினதும் அளவெடுக்க ஒரு முன்னடி அடிக்கும், அப்புறம் கடைசியில மெயின். எதிர்ல நிக்கிறவங்க முதல் வெளிச்சம் பார்த்ததும் "எடுத்தாச்சு"ன்னு தலையைத் திருப்பிடுவாங்க. மெயின் அடிக்கும்போது கன்னம்தான் இருக்கும். குடும்பப் படத்துல ரியர் வேண்டாம். மேனுவல் பவர்ல வெச்சா முன்னடியே கிடையாது. டிடிஎல்தான் வேணும்னா "ரெண்டாவது வெளிச்சம் வர்ற வரைக்கும் அசையாதீங்க"ன்னு முதல்லயே சொல்லிடணும்.

அப்புறம், ரியரை எங்க போடறதுங்கறது கம்பெனிக்குக் கம்பெனி வேற. நிக்கான், சோனில கேமரா பாடியில பிளாஷ் மோடுல இருக்கும். கேனன்ல பிளாஷ்லயோ, கேமரா மெனுவுல வெளி பிளாஷ் அமைப்புக்குள்ளயோ இருக்கும். கேனன்ல நடு முள் மட்டும் இருக்கிற சாதா ட்ரிக்கர் (பிளாஷைத் தள்ளி வெச்சு அடிக்க வைக்கிற கருவி) போட்டா ரியர் வேலை செய்யாது, கேமரா பிளாஷை அடையாளம் கண்டாத்தான் செய்யும். அதுல எச்எஸ்எஸ் (ரொம்ப வேகமான ஷட்டர்லயும் பிளாஷ் அடிக்க விடற அமைப்பு) ஆன்ல இருந்தாலும் ரியர் வராது, ரெண்டுல ஒண்ணுதான்.

#15 ஐந்துரோடு

தறி, இது உபயோகமான பதிவு. கூடவே ஒன்று: கேனனில் அபர்ச்சர் முன்னுரிமையான ஏவி மோடில் பிளாஷ் போட்டால், கேமரா பின்னணிக்கு ஏற்ற ஷட்டரைத் தானே தேர்ந்துகொள்ளும். இருட்டில் 1/4, 1/2 என்று இறங்கிவிடும். பலர் "ஸ்லோ சிங்க் (மெதுவான ஷட்டரோடு பிளாஷ்) போடவே இல்லையே, எப்படிப் பேய் வந்தது" என்று கேட்பது இதனால்தான். மெனுவில் ஏவி மோடுக்கான சிங்க் வேகத்தை 1/60-க்குக் கீழே இறங்காதபடி பூட்டலாம். நிக்கானில் தலைகீழ்: ஸ்லோ சிங்க் தேர்ந்தெடுக்காதவரை வழக்கமாக 1/60-இலேயே நிற்கும், பின்னணி கருப்பாகும். இரண்டு தலைவலியும் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் நாமே வைக்கும் எம் (மேனுவல்) மோடு. இருட்டில் பிளாஷ் வேலைக்கு வேறு மோடு எனக்குத் தேவைப்பட்டதில்லை.

#16 கொண்டைஊசி_20

ஏற்காடு பக்கம் எடுக்கிறவங்களுக்கு நான் சேர்க்கிறேன், கணக்கு கொஞ்சம் வேற.

லேடீஸ் சீட்ங்கிற காட்சிமுனையில ஆளை நிறுத்தி, கீழ சேலம் ஊர் விளக்கு பரந்து கிடக்கிற மாதிரி எடுக்கணும். ஊர் விளக்கு தூரத்துல இருக்கிறதால 1/2, 1 நொடி வரைக்கும் கேட்கும். ட்ரைபாட் இருக்கு, ஆளும் அசையாம நிக்கிறார், அப்புறம் என்னன்னு நினைப்பீங்க. ஒரு நொடிக்கு யாராலயும் அசையாம நிக்க முடியாது. மூச்சு விடறதுலயே தலை ஒரு சென்டிமீட்டர் ஆடும். 85 எம்எம்-ல 3 மீட்டர்ல நிறுத்தினா அந்த ஒரு சென்டிமீட்டர் 47 பிக்சல். தலையைச் சுத்தி 47 பிக்சல் அகலத்துக்கு ஊர் விளக்கு உள்ள நுழைஞ்சிருக்கும். 35 எம்எம்-ல அதே ஆட்டம் 19 பிக்சல்தான். அதனால மலையில இந்த வேலைக்கு அகல லென்ஸ்தான் தோது.

பெரிசாக்கிப் பார்த்தா எப்படி இருக்கும் தெரியுமா? காது மடல் மேல ஆரஞ்சுப் புள்ளி ரெண்டு, தாடை ஓரத்துல வரிசையா நாலு, கம்மல் போட்ட மாதிரி. முடி இருக்கிற இடத்துல முடியும் இல்ல, பின்னணியும் இல்ல, ஒரு சாம்பல் படலம். காத்து அடிச்சா முந்தானை ஓரம் முழுக்க அப்படித்தான்.

தீர்வு செட்டிங்ல இல்ல, நிறுத்தற இடத்துல. கேமராவைக் கொஞ்சம் இறக்கி வைங்க, இடுப்பு உயரத்துக்கு. அப்ப தலை அடிவானத்துக்கு மேல, வானத்துல வந்துரும், ஊர் விளக்கு தோளுக்குக் கீழ போயிடும். இருட்டு வானத்துக்கு முன்னாடி தலை எவ்வளவு ஆடினாலும் உள்ள நுழைய அங்க வெளிச்சமே இல்ல. தோள் பக்கம் சட்டை தலையளவுக்கு ஆடாது. அடர் நிறச் சட்டையைத் தவிருங்க. அதுல பிளாஷ் பதிவு குறைவு, விளக்குப் புள்ளி தனியா எடுத்துக் காட்டும். வெளிர் நிறத்துல கரைஞ்சிடும்.

நேரமும் முக்கியம். சூரியன் இறங்கின அரை மணி நேரத்துக்குள்ள வானத்துல நீலம் இருக்கும், ஊர் விளக்கும் ஏறியிருக்கும், ஷட்டர் 1/15-லயே வேலை நடக்கும். ஆனா அந்த நீல வானம் வெளிச்சம்தான், தலையைச் சுத்தி லேசா அரிக்கும். முழு இருட்டுல அரிக்காது, ஷட்டர் நீளும். எதை விடறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும். நான்னா சீக்கிரம் போய் 1/15-ல எடுப்பேன்.

#17 சில்வர்ஓக்

ரெண்டு படம் எடுத்துச் சேர்க்கிற வழியையும் சொல்லிடுங்க, கல்யாண ஆல்பத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

#18 கொண்டைஊசி_20

ஆமாங்க. ட்ரைபாட்டை அசைக்காம: முதல் படம் 1/160, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 400, பிளாஷ் மேனுவல் 1/16, ஆளோட. ரெண்டாவது, ஆளை ஃபிரேமை விட்டு வெளிய அனுப்பிட்டு, பிளாஷ் அணைச்சு, ஷட்டர் மட்டும் 1 நொடி. அபர்ச்சரை மாத்தாதீங்க. ஃபோகஸை மேனுவலுக்குத் தள்ளி, ஆள் மேல வெச்ச இடத்துலயே விடுங்க. "ஊர் தெளிவா வரட்டும்"னு திரும்ப ஃபோகஸ் பண்ணினா பல லென்ஸ்ல ஃபிரேம் அளவே லேசா மாறும், விளக்குப் புள்ளியோட பருமனும் மாறும், சேர்க்கும்போது ஒட்டாது. மாஸ்க்ல முதல் படத்து ஆளை மட்டும் கொண்டு வாங்க. முதல் படத்துல பின்னணி இருட்டுங்கறதால முடி ஓரம் சுலபமா வரும்.

மூடுபனி இருந்தா மட்டும் இது உதவாது. ரெண்டு படத்துக்கு நடுவுல பனி நகர்ந்து விளக்கு பாதி மறைஞ்சிருக்கும்.

#19 மூக்கனேரி

மூடுபனின்னதும் ஞாபகம் வருது. ஏரிக்கரையில பிளாஷ் போட்டு எடுத்த படம்னு வாட்ஸ்அப்ல ஒண்ணு சுத்துது, வெள்ளை வெள்ளையா வட்டம் மிதக்குது, "ஆவி"ன்னு கீழ எழுதியிருக்கு. அதுவும் இந்தப் பேய்தானா?

#20 மஞ்சவாடி

அது வேற குடும்பத்துப் பேய். லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்துல மிதக்கிற நீர்த்துளி மேல பிளாஷ் பட்டுத் திரும்பி வருது. ஃபோகஸுக்கு ரொம்ப முன்னாடி இருக்கிறதால வட்டமாப் பெருகித் தெரியும். ஷட்டர் 1/200-லயும் வரும். அதை வெச்சே பிரிச்சுடலாம். பிளாஷை லென்ஸை விட்டு விலக்கினா போயிடும்: ட்ரிக்கர் போட்டு கை நீளத்துக்குப் பக்கவாட்டுல, முடிஞ்சா 45 டிகிரியில பிடிங்க. லென்ஸுக்கு முன்னாடி இருக்கிற அந்த ஒரு முழம் காத்து மேல பிளாஷ் படவே கூடாது. கனத்த பனியில நேர் பிளாஷ் போட்டா வட்டம்கூட வராது, வெள்ளைச் சுவர்தான்.

மூணாவது குடும்பமும் இருக்கு. படத்துல பளிச்னு ஒரு தெரு விளக்கு இருக்கும், நேரெதிர் மூலையில, நடுப்புள்ளியிலேருந்து அதே தூரத்துல, பச்சையா மங்கலா அதே வடிவம் தலைகீழாத் தெரியும். அது லென்ஸ் முன்னாடி மாட்டின யூவி ஃபில்டரோட வேலை. சென்சார்லேருந்து திரும்பின வெளிச்சம் ஃபில்டர்ல பட்டு மறுபடி உள்ள வருது. ராத்திரி ஃபில்டரைக் கழட்டிடுங்க. பிளாஷுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

#21 ஐந்துரோடு

பேய்ப் படம் என்றதும் ஒரு பழைய கதை. 1860-களில் அமெரிக்காவில் வில்லியம் மம்லர் என்பவர் இறந்த உறவினர் பின்னால் நிற்பதாகப் படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார். 1869-இல் நியூயார்க்கில் வழக்கும் நடந்தது, தப்பித்துவிட்டார். ஒரே தகட்டில் இரண்டு பதிவு விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்தவர்களுக்கு அதில் மர்மம் இல்லை. நம் படத்திலும் நடப்பது அதேதான், இடைவெளி 1/8 நொடி.

நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பிளாஷ் ஏறத்தாழ 5500 கெல்வின், மண்டப மஞ்சள் விளக்கு 3000 பக்கம். பேய் அதனால்தான் ஆரஞ்சு நிறத்தில் தனித்துத் தெரிகிறது. பிளாஷ் தலையின் முன்பக்கத்தில் முழு ஆரஞ்சு ஜெல் (நிறத் தாள்) ஒட்டி, ஒயிட் பேலன்ஸை 3200-இல் வைத்தால் இரண்டும் ஒரே நிறமாகிவிடும். பேய் போகாது, ஆனால் தோலோடு கலந்து கண்ணில் உறுத்தாது. ஜெல் முக்கால் ஸ்டாப் அளவுக்கு வெளிச்சம் தின்னும், பவரை அந்த அளவு ஏற்றுங்கள். தெருவில் பழைய சோடியம் விளக்கு என்றால் எந்த ஜெல்லும் பொருந்தாது, அதன் நிறமாலையே குறுகல்.

வண்டி வேடிக்கைக்கு ஜெல் வேண்டாம் என்பேன். தட்டியில் சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் ஓடும்போது எதற்கென்று ஒட்டுவது?

#22 மூக்கனேரி

இப்ப குறிச்சு வெச்சிருக்கிறது: எம் மோடு, 24 எம்எம், எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, 1/60, பிளாஷ் மேனுவல் 1/16, ஃபர்ஸ்ட் கர்ட்டன். பேனிங்குக்கு மட்டும் ரியர், 1/15, ஐஎஸ்ஓ 400, பிளாஷ் 1/4. யூவி ஃபில்டர் வீட்ல. இதுல ஏதாவது இடிக்குதா?

#23 குகை_ராத்திரி

இடிக்கல தம்பி. ரெண்டு விஷயம் மட்டும். பிளாஷ் மேனுவல்ல இருந்தா 4 மீட்டர் 4 மீட்டராவே இருக்கணும். வண்டி 3 மீட்டருக்கு வந்துட்டா முகம் முக்கால் ஸ்டாப் ஏறி வெளுத்துடும், ஜரிகை மொத்தமா எரிஞ்சு போகும். கூட்டம் தள்ளத் தள்ள தூரம் மாறிக்கிட்டே இருக்கும், கட்டைவிரல் பவர் பட்டன் மேலயே இருக்கட்டும்.

இன்னொண்ணு, வண்டியோட பக்கவாட்டுக்கு நேரெதிர் நின்னு எடுக்காதீங்க. வண்டிக்குக் கொஞ்சம் முன்னாடி போய், 45 டிகிரியில சாஞ்சு பாருங்க. அப்ப முகத்துக்குப் பின்னாடி தட்டி வராது, தெருவோட இருட்டு வரும். தட்டி ஒரு ஓரமாத் தனியா எரியும். முகத்துக்குப் பின்னாடி பல்பு இல்லாத இடம் ஒரு சாண் அகலம் கிடைச்சாப் போதும், 1/30-லகூட எடுக்கலாம்.